முத்துசுவாமி தீட்சிதருக்கு ஒரு கடிதம்

தீட்சிதர் அவர்களுக்கு நமஸ்காரம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீணை கற்க ஆரம்பித்த நாட்களில் நீங்கள் இயற்றிய கர்நாடக சங்கீதக் கிருதி என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். சௌக்க காலம் என்கிற மெதுநடை, முடியவே முடியாத சமஸ்கிருதத் தொடர்கள். கடைசிப் பகுதியான சரணத்துக்குள் போவதற்கு முன்பே விரல் எரியும். நைசாகத் தியாகராஜ சுவாமி பக்கம் ஓடிவிடுவேன்.

என்னைத் திருப்பி இழுத்துவந்தவை பெரிய கிருதிகள் அல்ல, மேல்நாட்டு மெட்டில் நீங்கள் அமைத்த சின்னப் பாட்டுகளான நோட்டுஸ்வரங்கள். ஒரு குழந்தை ‘சந்ததம் பாஹிமாம்’ பாடக் கேட்டு, ‘இது இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டாயிற்றே!’ என்று திடுக்கிட்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் உங்கள் குடும்பத்தை ஆதரித்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தம்பி பாலுசுவாமி பிடிலையே கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். நீங்கள் மெட்டை எடுத்துக்கொண்டீர்கள். ராஜா இருந்த இடத்தில் சங்கீத சியாமளையை உட்கார வைத்தீர்கள்.

விளையாட்டாகச் செய்தீர்களோ என்னவோ. ஆனால் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்திலேயே வளர்ந்த காது, அசையாமல் நிற்கிற ஸ்வரத்தையும் மதித்துக் கேட்டிருக்கிறது. அந்தக் காதுதான் எனக்கு உங்களிடம் பிடித்தது.

அதே காதோடுதான் குரு சிதம்பரநாத யோகியுடன் காசிக்கும் போயிருக்கிறீர்கள். அங்கே கேட்டது திருவானைக்காவில் வந்து நிற்கிறது. அந்த ஊர் சிவனைப் பாடும் ‘ஜம்புபதே’ கிருதியைச் சொல்கிறேன். பஞ்சபூத தலங்களில் திருவானைக்கா நீருக்கானது. பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவியில் ‘அம்புதி கங்கா காவேரி யமுனா’ என்று கடலும் ஆறுகளும் வரிசையாக வருகின்றன. பல வருடம் இதை நதிப் பட்டியல் என்றே நினைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். கிருதியின் ராகம் யமுனா கல்யாணி என்பது ஒருநாள் உறைத்தது. ராகத்தின் பெயரைப் பாட்டின் வரிகளுக்குள் ஒளித்துவைப்பது உங்கள் வழக்கம், தெரியும். ஆனால் தண்ணீரைப் பற்றிய பாட்டுக்குப் பெயரிலேயே ஆறு ஓடுகிற ராகம், அதுவும் வடக்கத்தி வாசனையோடு! அந்த ஒரு சொல் ஆறாகவும் இருக்கிறது, ராகமாகவும் இருக்கிறது. அன்றைக்கு வீணையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கிழமைக்கு ஒன்றாக நீங்கள் அமைத்த வார கிருதிகளிலும் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள்: ஏழு கிழமை, ஏழு கிரகம், சூளாதி என்கிற அடிப்படைத் தாளங்கள் ஏழு. ஞாயிற்றுக்கிழமைக்கான ‘சூர்யமூர்த்தே’யின் துருவ தாளத்தில் நான் எத்தனை முறை தடுக்கி விழுந்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அமிர்தவர்ஷிணி ராகத்தைப் பாடி மழை பெய்யவைத்தீர்கள் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அதைவிட எட்டயபுரம்தான் மனதில் நிற்கிறது. 1835, தீபாவளி நாள். சீடர்களை ‘மீனாக்ஷி மே முதம்’ பாடச் சொல்லி, ‘மீனலோசனி பாசமோசனி’ என்ற வரியில் உயிர் பிரிந்தது என்பார்கள். திருவாரூரில் 1775இல் பிறந்தவருக்கு அப்போது அறுபது வயது. உங்கள் பாட்டுகள் உங்களோடு போயிருக்கலாம். பாலுசுவாமியின் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் அதே எட்டயபுரத்தில் உட்கார்ந்து, 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சேற்றினார். உங்கள் கிருதிகள் இருநூறுக்கு மேல் அதில் இருக்கின்றன, ஸ்வரத்தோடு, கமகக் குறிகளோடு. எந்த ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும் என்பதுவரை அந்த மனிதர் குறித்துவைத்திருக்கிறார். அவருக்கும் ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது.

சரி, என் பாட்டைச் சொல்கிறேன். கொட்டாவி நின்றுவிட்டது. அவசரம்தான் இன்னும் போகவில்லை. நேற்றுகூடக் காவேரியில் நிற்காமல் யமுனைக்கு ஓடிவிட்டேன். இன்று சாயங்காலம் மறுபடியும் அனுபல்லவியின் முதல் சொல்லான ‘அம்புஜாசனாதி’யிலிருந்து எடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் அனுபல்லவியிலேயே இருக்கும் ஒரு வீணை மாணவி