ராசாத்தி மதினி கொண்டுவந்த தாயத்து

அன்புள்ள சுப்பையா,

இங்கே எல்லாரும் சுகம். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்தபிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். குடை பத்திரமாக இருக்கிறது, உன் கையில் மட்டும் தரமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராசாத்தி மதினி வந்திருந்தார். செந்தில் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கொடுத்த காப்பியைத் தொடவே இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளித் தாயத்தை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் நசுங்கிக் கறுத்திருந்தது, வாயை அடைத்த அரக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"இதுக்குள்ள அவன் தொப்புள்கொடி இருக்கு தம்பி. செத்த நாயைத் திரும்பப் பொறக்க வைக்காங்கன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்ல காட்டிச்சு. நீங்க உயிரியல் வாத்தியாருல்லா, இதை வச்சு முடியுமா?"

குளோன் செய்து, அதாவது ஒரு ஆட்டின் செல்லிலிருந்தே அதே மரபணுவோடு பிறக்கவைத்த டாலி ஆட்டின் படத்தைக் கரும்பலகையில் எத்தனை வருஷம் போட்டிருப்பேன்! ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. காய்ந்த கொடியில் உயிருள்ள செல் இருக்காது மதினி என்றேன். டாலிக்கு எடுத்தது ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து எடுத்து உயிரோடு வளர்த்த செல். மரபணு இருக்கும் அதன் உட்கருவை, உட்கரு நீக்கிய வேறொரு ஆட்டின் கருமுட்டைக்குள் வைத்தார்கள். அப்படி 277 முட்டைகளில் செய்து பார்த்ததில் 29தான் கருவாக வளர்ந்தன. அவற்றை 13 ஆடுகளின் வயிற்றில் வைத்து, 1996 ஜூலையில் கடைசியில் பிறந்தது ஒரே ஒரு குட்டி. பொறுமையாகக் கேட்டுவிட்டு மதினி சொன்னார்: "அப்போ செல் உயிரோட இருந்திருந்தா, நீங்க சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

வாயடைத்துப் போனேன் சுப்பையா. அன்றிலிருந்து தூக்கமில்லை. அவரிடம் சொல்லாத பதிலை உன்னிடம் சொல்கிறேன்.

மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஷாங்காயில் குரங்கை குளோன் செய்ததாக 2018-ல் சொன்னார்களே, அந்த இரண்டு குட்டிகளும் பிறக்காத கருச்சிசுவிலிருந்து எடுத்த செல்லால் பிறந்தவை. வளர்ந்த குரங்கின் செல்லை வைத்து 181 கருக்களை 42 பெண் குரங்குகளுக்குள் செலுத்தினார்கள். பிறந்தவை இரண்டு, இரண்டுமே சீக்கிரத்தில் செத்துவிட்டன. குரங்கு இருந்த இடத்தில் மனுஷியை வைத்துப் பார். அத்தனை வயிறுகளில் ஒன்று மதினியுடையதாகவும் இருக்கும்.

சரி, நுட்பம் கைகூடிவிட்டது என்றே வைத்துக்கொள். 2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு பூனையை குளோன் செய்தார்கள். செல் கொடுத்த பூனை மூன்று நிறம் கலந்தது, குட்டியிடமோ அந்த ஆரஞ்சு நிறமே இல்லை. மரபணு ஒன்றுதான், ரோமம் வேறு. ரோமத்துக்கே இந்தக் கதி என்றால், ஆற்றில் குதிக்குமுன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நம்மைத் திரும்பிப் பார்ப்பானே செந்தில், அது எந்த மரபணுவில் இருக்கும்?

நீ உடனே தெற்குத் தெரு இரட்டையரை இழுப்பாய். அவர்களும் இயற்கையான குளோன்கள்தான். ஆனால் அவர்கள் ஒன்றாகப் பிறந்தவர்கள், ஒருவன் வாழ்ந்து முடித்ததை மற்றவன் பார்த்து வளரவில்லை. மதினி வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படத்துக்குக் கீழே, அதே முகத்தோடு ஒரு பிள்ளை சோறு உண்ணும். பைக் சாவியைக் கையில் எடுத்தால் வீடே நடுங்கும். கணக்கில் தோற்றால், 'அவன் இப்படி இல்லையே' என்பார்கள். அந்தப் பிள்ளைக்கென்று எதை விட்டுவைப்போம்? இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆனாலும் குளோனிங் என்ற பேச்சையே தூக்கிப் போட என்னால் முடியவில்லை. உன் பேத்தி சட்டையைத் தூக்கித் தானே இன்சுலின் போட்டுக்கொண்டதைத் தீபாவளியன்று பார்த்தேன். அதே வகைச் சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்ணின் தோல் செல்லை எடுத்து, இதே உத்தியால் கரு உண்டாக்கி, அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை 2014-ல் நியூயார்க்கில் வளர்த்தார்கள். பிள்ளை பெறுவதற்கல்ல, மருந்துக்கு. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அதற்கும் கருமுட்டை வேண்டும். கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் என்ற விஞ்ஞானி இப்படி மனிதக் கருவை உண்டாக்க 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகளைச் செலவழித்தார். கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்த பெண்களும் உண்டு. கடைசியில் ஆராய்ச்சியே பொய் என்றாகிவிட்டது. நம் ஈரோட்டில் 16 வயதுப் பிள்ளைக்குப் போலி ஆதார் காட்டிக் கருமுட்டை எடுத்து விற்றதை 2022-ல் படித்தோமே. முட்டைக்கு விலை வந்தால் ஊசி யார் இடுப்பில் ஏறும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜப்பானிய விஞ்ஞானி யாமனாக்கா காட்டிய வழியில்தான் எனக்கு நம்பிக்கை. முட்டையே இல்லாமல், சாதாரணத் தோல் செல்லையே குருத்தணுவாக, அதாவது உடம்பின் எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய செல்லாக மாற்றிவிடுகிறார்கள். 2012-ல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். பேத்திக்கு அந்த வழியில் ஏதாவது வந்து சேரட்டும்.

மதினி போகும்போது தாயத்தை எடுக்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிப் படியிறங்கிவிட்டார். மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், தினமும் ஒருதடவை திறந்து பார்த்துவிடுகிறேன். ஆடி அமாவாசைக்கு நீ ஊருக்கு வருவாய் அல்லவா? ரெண்டு பேருமாகப் போய்க் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருவோம். தனியாகப் போக எனக்குத் தெம்பில்லை.

உன்,
சண்முகம்