வட்டம் போட்டால் நடைதூரம் ஆகிவிடாது

ஆசிரியருக்கு,

ரயில் நிலையத்தைச் சுற்றி 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்து, உள்ளே வசிப்போர் அனைவரையும் 'நடைதூரத்தில்' சேர்க்கும் கணக்கு திட்ட அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. வட்டத்தின் பரப்பு சுமார் 78.5 ஹெக்டேர். நடப்பவர் நேர்கோட்டில் பறக்கும் காகமல்லவே! தெருக்கள் சதுரங்கக் கட்டம்போல் நெருக்கமாக அமைந்த ஊரிலேயே 500 மீட்டர் நடந்து எட்டக்கூடியது 50 ஹெக்டேர்தான். முட்டுச்சந்தும் மதிலும் வந்தால் இன்னும் சுருங்கும். சென்னையின் பறக்கும் ரயில் தடம் நெடுந்தூரம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிச் செல்கிறது. எதிர்க்கரை வீடு வட்டத்துக்குள் விழும், ஆனால் பாலம் வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும்.

தெரு வழியே தூரத்தை அளக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலும் சறுக்கல் உண்டு. நிலையத்தின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கக் கூடாது, ஒவ்வொரு வாயிலிலிருந்தும் அளக்கவேண்டும். மேம்பாலமும் கீழே குறுக்கிடும் தெருவும் வரைபடத்தில் ஒரே சந்திப்பாக ஒட்டியிருந்தால், பாலத்திலிருந்து ஆள் நேராகக் கீழே குதிப்பதாகக் கணக்கு வரும். நடைபாலம், சந்து விடுபட்டிருக்கிறதா என்பதை நேரில் போய்த்தான் பார்க்கவேண்டும்.

நடைதூரத்துக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று கணக்கிட, வார்டு மக்கள்தொகையைப் பரப்பளவுக்கேற்பப் பிரிப்பதும் தவறு. ஏரியிலும் ஆள் குடியிருப்பதாகிவிடும். கட்டடப் பரப்பு, மாடி எண்ணிக்கைப்படி பிரிக்கலாம்.

— நகரமைப்பு வரைபடப் பணியாளர்கள், சென்னை