தண்ணீருக்குமேல் குடில் போட முதல்: எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அண்ணைக்கும், செயலாளர் தம்பிக்கும், நிர்வாகத்தில் இருக்கும் எல்லாருக்கும்,

வணக்கம். நான் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. ஐயா இருந்த காலத்தில் அவருடைய பெயர் இடாப்பில் இருந்தது. இப்போது அண்ணையின் பெயர் இருக்கிறது. நான் சோக்குக் கட்டி பிடித்து ஓய்வுபெற்றவள். உங்களில் பாதிப் பேருக்கு ‘அ’னா எழுதப் பழக்கியவள் என்ற உரிமை ஒன்றுதான் என்னிடம் உண்டு. நேரே வந்து கதைத்திருக்கலாம். ஆனால் வாயால் சொல்வது தேத்தண்ணியோடு போய்விடும். அதோடு, இது கரையில் இருக்கிற எல்லாரும் வாசிக்க வேண்டிய விசயம் என்றும் நினைக்கிறேன்.

போன கூட்டத்தில், வெளிநாட்டில் இருந்து வந்த எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் மடிக்கணினியில் படம் காட்டினாராம். இறங்குதுறைக்குக் கிழக்கே, யாழ்ப்பாணக் களப்புக்குள் தூண் நட்டு, தண்ணீருக்குமேல் பத்துக் குடில். பலகை நடைபாதை, இரவில் விளக்கு, காலையில் கட்டிலில் இருந்தபடியே சூரிய உதயம். “தண்ணிக்கு மேலை ஊர் இருக்கிற இடமெல்லாம் சனம் அள்ளுப்படுது” என்று அவர் சொன்னதாக அண்ணை வந்து சொன்னார். அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கிறவர். ஆனால் அப்படியான ஒரு ஊருக்கு இந்த வருசம் நான் போய்வந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அம்மம்மாவின் தமையன் ஒருவர் வெள்ளைக்காரன் காலத்தில் மலாயா ரயில்வேயில் கிளாக்கர் வேலைக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் கடலை விட்டுப் போன முதல் ஆள் அவர்தான். அவருடைய வழியில் வந்த மச்சாள் ஒருத்தி பினாங்கில் இருக்கிறாள். அவளுடைய மகளின் கலியாணத்துக்குப் போன இடத்தில், “கடற்கரைப் பெட்டைக்குப் பிடிக்கும்” என்று ஒரு நாள் காலையில் என்னை ஜோர்ஜ் ரவுன் துறைமுகத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

படகுத்துறைக்குப் பக்கத்தில், பெரிய வீதியில் இருந்து கடலுக்குள் நீட்டி நீட்டி வைத்த விரல்கள்போல மரத்துறைகள். ஒவ்வொன்றும் ஒரு சீனக் குலத்துக்கு. லிம், சியூ, டான், லீ, யோ என்று அந்தந்தக் குலத்தின் பெயர். எல்லாக் குலத்தாரும் கலந்து இருக்கிற துறையும் ஒன்று உண்டு. நாங்கள் போனது பெரியதான சியூ துறைக்கு. வாசலில் கோயில். அதைத் தாண்டினால் நடுவில் பலகைப் பாதை, இரண்டு பக்கமும் வீடு, வீட்டுக்குக் கீழே கடல். பலகைகளுக்கு இடையில் விரல் நுழையும் நீக்கல். அதுக்குள்ளால் பார்த்தால் பச்சைத் தண்ணீர் அசைகிறது. நாங்கள் போன நேரம் வற்று தொடங்கியிருந்தது. சேறும் பாசியும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறினவுடன், சிரிக்காதேயுங்கோ, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயாவின் சாரத்து மணம் அது.

பாதையின் முன்பாதி முழுக்கக் கடை. ஐஸ்கிறீம், டூரியன் பலகாரம், சாவிக்கொத்து, ரீசேட். கடைகளைத் தாண்டினால்தான் வீடுகள். வாசல்களில் சாம்பிராணிக் குச்சிகள் புகைகின்றன. ஒரு வாசலில் வயது போன அம்மா ஒருவர், தாழ்ந்த முக்காலியில் இருந்து அலுமினியச் சட்டியில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, நகத்தால் முதுகு நரம்பை இழுத்து எறிகிற அந்தக் கை வேகம் அச்சு அசலாக எங்கள் பெரியம்மாவுடையது. எனக்கு என்ன தோன்றியதோ, கைத்தொலைபேசியை எடுத்துப் படம் எடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அப்போதுதான் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பலகை கண்ணில் பட்டது: கமெராப் படம், அதன்மேல் சிவப்புக் கோடு. நாற்பது வருசம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் படிப்பித்தவள் செய்த வேலையைப் பாருங்கோ.

அதே வரிசையில் இன்னொரு வீட்டில் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு பொடியன் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். நாங்கள் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் எத்தனை பேர் அந்தக் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்த்தார்கள்! அவன் தலையே நிமிர்த்தவில்லை. பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் எனக்கு அந்தரமாக இருந்தது.

சரி, அவர்கள் ஏன் கடலுக்குமேல் வீடு கட்டினார்கள்? காட்சிக்காகக் கட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சீனத்தின் ஃபூஜியன் கரையில் இருந்து பிழைப்புத் தேடி வந்த தோணிக்காரரும் சுமைகூலிகளும் அவர்கள். பெரிய கப்பல் கரை பிடிக்காது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். சாக்கையும் பெட்டியையும் சம்பான் வள்ளத்தில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவது இவர்கள் தொழில். வள்ளம் கட்டுகிற இடத்திலேயே ஒரு கொட்டில், பிறகு குடும்பம் வந்ததும் வீடு. கீழே நிலம் இல்லாததால் நில வரியும் இல்லை என்று மச்சாள் சொல்லிச் சிரித்தாள். பிறகு பினாங்கின் சுங்க வரியில்லாத் துறைமுக அந்தஸ்து 1969இல் போனது, கொள்கலன் ஏற்றுகிற பெட்டிக் கப்பல் வந்தது, தோணி வேலையும் ஒழிந்தது. தூண்கள் மட்டும் நின்றன. மரத் தூண் போய் இப்போது அனேகமாகக் கொங்கிறீற். 2006இல் இரண்டு துறைகளை வீட்டுத் திட்டத்துக்காக உடைத்தார்கள். இரண்டு வருசம் கழித்து, 2008இல் யுனெஸ்கோ ஜோர்ஜ் ரவுனை உலக மரபுரிமை என்று அறிவித்தது. மிஞ்சிய ஆறு துறைகளுக்கும் உயிர் வந்தது அதனால்தான். சனக்கூட்டம் வந்ததும் அதனால்தான்.

மற்ற இடங்களிலும் கதை இப்படித்தான். ஆபிரிக்காவில் பெனின் நாட்டில் நொக்குவே ஏரிக்குமேல் கன்வியே என்று ஒரு ஊர். அடிமை பிடிக்க வந்தவர்களுக்குத் தப்பி ஓடிய சனம் தண்ணீரில் கால் நட்டுக் குடியேறிய இடம் அது. புருணையின் கம்பொங் ஆயர் இன்னும் பழையது. 1521இல் மகலனின் கப்பல்களோடு வந்த பிகஃபெற்றா என்ற இத்தாலியர், உப்புத் தண்ணீருக்குமேல் நின்ற அந்த நகரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பெருக்கு ஏறிய நேரத்தில் பெண்கள் வள்ளத்தில் சாமான் விற்றுத் திரிந்தார்களாம். அங்கே இன்றைக்கும் பள்ளிக்கூடம், பள்ளிவாசல், தீயணைப்பு நிலையம் எல்லாம் தண்ணீருக்குமேல்தான். பயம், தொழில், பழக்கம், ஏதோ ஒன்று அந்தச் சனத்தைத் தண்ணீரில் நிறுத்தியது. பார்க்க வருகிறவர்கள் கடைசியாகத்தான் வந்தார்கள். நாங்களோ பார்க்க வருகிறவர்களுக்காக முதலில் கட்டிவிட்டு, ஊர் பிறகு வரட்டும் என்கிறோம்.

எங்களிடம் தண்ணீர் வீடு இல்லை என்றும் சொல்லாதேயுங்கோ. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகிற எவரும் பார்க்கலாம். களப்புக்குள் வரிசை வரிசையாகச் சிறகுவலைத் தடிகள், அங்கங்கே கடலட்டைப் பண்ணைக்காரரின் காவல் கொட்டில். நாலு கால், தகரக் கூரை, ஒரு பாய், ஒரு ரோச் லைற், ஒரு போத்தல் தண்ணீர். அண்ணையின் மூத்தவன் இராக் காவலுக்கு அதில்தான் படுக்கிறான். வாடைக் காற்றுக்குக் கொட்டில் தொட்டில்போல ஆடுமாம். சூரிய உதயத்தை அவன் ஒவ்வொரு நாளும் பார்க்கிறான், ஒரு சதம் கொடுக்காமல். நித்திரைக் கண்ணோடு கரைக்கு வந்து, “மாமி, தேத்தண்ணி” என்பதுதான் அவனுடைய உதயம்.

குடில் திட்டத்தில் என்னுடைய முதல் கேள்வி, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்: கக்கூசுக் கழிவு எங்கே போகும்? சியூ துறையில் முந்தி எல்லாம் நேரே கடலுக்குத்தான். ஆனால் அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்கும். கடல் நாளுக்கு இரண்டு தரம் வந்து கழுவிக்கொண்டு போகும். எங்கள் களப்பில் அந்த ஏற்ற இறக்கம் முழங்கால் அளவுக்கு வந்தாலே பெரிசு. போட்ட தண்ணீர் போட்ட இடத்தில் நிற்கும். படத்தில் குடில் காட்டின இடம் சாதாளைத் தரை, கடற்புல் வளர்கிற இடம். இறால் குஞ்சும் ஓராக் குஞ்சும் ஒதுங்குகிற இடம் அது என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. பத்துக் குடிலின் நிழலும் கழிவும் அந்தத் தரையில் விழுந்தால், அடுத்த வருசம் சிறகுவலைக்காரர் வெறும் கூட்டைத்தான் தூக்குவார்கள். தொட்டியில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவருவோம் என்று அந்தப் பிள்ளை சொன்னால், யார், எத்தனை நாளுக்கு ஒருக்கால், எந்த வண்டியில் என்று எழுத்தில் வாங்குங்கோ.

இரண்டாவது, சட்டம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, பெருக்குக் கோட்டில் இருந்து தரைப் பக்கம் 300 மீற்றரும் வற்றுக் கோட்டில் இருந்து கடல் பக்கம் இரண்டு கிலோமீற்றரும் கரையோர வலயம். அதுக்குள் கட்டுமானம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்திரம் எடுக்கலாம், எடுக்கிறவர்கள் எடுக்கிறார்கள். எனக்குக் கவலை அதில் இல்லை. அந்தப் பத்திரத்துக்குச் சங்கத்தின் சம்மதக் கடிதத்தைக் கேட்டு வருவார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்த பிறகு நாங்கள் எங்களுடைய கரையில் விருந்தாளிகள். 1990இல் மயிலிட்டியை விட்டு ஓடின சனத்துக்குத் தங்களுடைய துறைமுகத்தை மறுபடி கண்ணால் காண 2017 வரை இருக்கவேண்டி வந்தது. அது போர், இது வியாபாரம், இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் இறங்குதுறை என்பது கையைவிட்டுப் போனால் லேசில் திரும்பாது என்பதை இந்தக் குடாநாட்டில் எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம்.

அதுக்காக ஒருவரையும் வரவிடாதேயுங்கோ என்றா சொல்கிறேன்? இல்லை. இப்பவே வருகிறார்கள்தானே. போன மாசியில் அண்ணை வலை பொத்திக்கொண்டிருக்க, வெள்ளைக்காரச் சோடி ஒன்று வந்து படம் எடுத்தது. மச்சாள், அண்ணையின் மனுசி, இரவு உடுப்போடு முற்றத்தில் நின்றவள், “என்னத்துக்கு இப்ப படம்?” என்று ஓடி உள்ளே போனாள். அன்றைக்கு நான் சிரித்தேன். பினாங்கில் அந்தக் கதவு சாத்துப்பட்ட பிறகுதான் அவளுடைய முகம் எனக்குப் பிடிபட்டது.

ஆகவே என்னுடைய வேண்டுகோள் இதுதான். கட்ட வந்த பணத்தைக் கரையில் கட்டச் சொல்லிக் கேளுங்கோ. சங்கக் காணியில் இருக்கிற பழைய ஐஸ் அறை சும்மாதானே பாழடைகிறது? அதைத் திருத்தி, வருகிறவர்கள் இருந்து சாப்பிடுகிற இடமாக்கலாம். எங்கள் பெண்கள் ஒடியல் கூழ் காய்ச்சினால் அது போதும், டூரியன் பலகாரம் தேவையில்லை. விருப்பமானவர்களைச் சங்கத்து வள்ளத்தில் சிறகுவலை பார்க்கக் கூட்டிப்போகலாம். கூலி வள்ளக்காரருக்கு, ஒரு பங்கு சங்கத்துக்கு. நேரம் நாங்கள் வைக்கவேண்டும். விடியற்காலை மீன் ஏலம் முடிய முதல் இறங்குதுறைக்கு வெளியாள் வரக்கூடாது. சியூ துறையிலும் வாசலில் பார்வை நேரம் எழுதித்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் கூட்டம் வந்து கன காலத்துக்குப் பிறகு. நாங்கள் முதலே போடலாம்.

பெண்களிடம் கேளுங்கோ. இதை நான் இரண்டு தரம் எழுதி அழித்தேன், கடைசியில் எழுதியே விட்டேன். கூட்டத்தில் கதைத்தது முழுக்க வள்ளத்தில் போகிறவர்கள். படத்தில் விழப்போவது கரையில் இறால் உரிக்கிறவர்கள், கருவாடு புரட்டுகிறவர்கள்.

இன்னொன்று. வெளியாட்களை வள்ளத்தில் ஏற்றி மண்டைதீவுப் பக்கம் கொண்டுபோனால், வெறுமனே “வடிவான இடம்” என்று சொல்லித் திரும்பாதேயுங்கோ. 1986 ஜூன் 10ஆம் திகதி அந்தக் கடலில்தான் குருநகர் மீனவர்கள் 31 பேரை வெட்டிக் கொன்றார்கள். குருநகர்ச் சனம் ஒவ்வொரு வருசமும் நினைவுகூருகிற நாள் அது. அந்த இடம் வந்ததும் இயந்திரத்தை நிற்பாட்டி இரண்டு வசனம் சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் எழுதித் தருகிறேன்.

அடுத்த கூட்டம் ஞாயிறு பூசை முடிய என்றால் நான் வருவேன், உறுப்பினர் இல்லாவிட்டாலும் வாசலில் ஒரு கதிரை போடுங்கோ. அண்ணையின் மனுசியையும் கூட்டிவருவேன். அறிவித்தல் பலகைக்கு என்னிடம் படித்த ஒருவன் இருக்கிறான், கொட்டை எழுத்து நல்லாய் எழுதுவான். பெயின்ற் காசு நான் தருகிறேன். பலகையில் முதல் வரி, “வீட்டு வாசலைப் படம் எடுக்க முதல் கேளுங்கள்.” மூன்று மொழியிலும்.

அந்த அம்மாவின் படம் இன்னும் என்னுடைய தொலைபேசியில் இருக்கிறது. முகம் இல்லை, திருப்பிவிட்டார். கையும் இறாலும் மட்டும். ஒருவருக்கும் காட்டவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய ரீச்சர்