ஆழ்கடல் படமும் உன் நீலக் காரும்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள சுப்ரா,

முழங்கால் எப்படி இருக்கிறது? படிக்கட்டில் ஏறி இறங்காதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். லெபோ பசாரில் நாம் பசியாறும் கடையில் தே தாரிக் விலை மறுபடியும் ஏறிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பேரனோடு உட்கார்ந்து ‘தி அபிஸ்’ பார்த்தேன். ஞாபகம் வருகிறதா? 1990இல் உங்கள் வீட்டில் வாடகைக் கேசட் போட்டுப் பார்த்தோமே, கடலடியில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் மூழ்கிப்போன நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிப் போகும் படம். எலியை ரோஸ் நிறத் தண்ணீரில் அமுக்கியதும் உன் அம்மா, “பாவிங்களா!” என்று கத்திவிட்டு அடுப்படிக்கு எழுந்து போனார்களே, அதே படம்தான்.

அந்த எலிக் காட்சியில் தந்திரம் எதுவும் இல்லை. நிஜ எலி, நிஜமாகவே திரவத்தைச் சுவாசித்தது. ஆனால் அது தண்ணீர் அல்ல, ஃப்ளோரோகார்பன். ஆக்சிஜனை ஏராளமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். 1966லேயே சுண்டெலியை வைத்துச் செய்து காட்டிவிட்டார்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நெஞ்சுக்குள் காற்றுக்குப் பதில் திரவம் இருந்தால் நசுங்காது என்பது கணக்கு. “அப்ப மனுஷன் ஏன் தாத்தா அப்படிப் போறதில்ல?” என்றான் பயல். திரவத்தை இழுத்து வெளியே தள்ள நெஞ்சுக்குத் தெம்பு போதாது, கரியமில வாயு உள்ளேயே தங்கிவிடும் என்று விளக்கினேன். பாதி கேட்டான்.

ஜேம்ஸ் கேமரூனின் பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும். தென் கரோலைனாவில் பாதியில் கைவிட்ட அணுமின் நிலையத்தில் 75 லட்சம் கேலன் தண்ணீரை நிரப்பி, வெளிச்சம் உள்ளே விழாமல் இருக்க மேலே கறுப்புப் பிளாஸ்டிக் மணிகளை மிதக்கவிட்டுப் படம் பிடித்திருக்கிறார். அந்த இருட்டு இன்றைக்கும் பயமுறுத்துகிறது.

இப்போது பார்த்தது நீளமான பிரதி. நம் கேசட்டில் இல்லாத ஒன்று இதில் வருகிறது. ஆழத்தில் இருக்கும் அந்த ஜீவன்கள் மனிதர்களுக்குப் புத்தி சொல்ல உலகம் முழுக்கக் கரையோரங்களில் மலை மலையாய் அலைகளை எழுப்புகின்றன. ஜனங்கள் ஓடுகிறார்கள். அலை தலைக்கு மேல் வந்து அப்படியே நிற்கிறது. அப்புறம் திரும்பிப் போய்விடுகிறது. பேரன் கை தட்டினான். நான் ரிமோட்டைத் தேடி நிறுத்தினேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், அதுவும் ஞாயிறுதான். சுமத்ரா மறைத்துக்கொண்டிருக்கிறது, நம் பக்கம் கடல் வெறும் குளம் என்று நாமே பேசியிருக்கிறோம். பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குக் கிளம்ப இரண்டு குடும்பமும் புளிச்சோறு கட்டி வைத்திருக்க, உன் கார் பேட்டரி செத்துக் கிடந்தது. நீ வயர் கேட்டு வீடு வீடாக அலைந்தாய். என் மனைவி உன்னைத் திட்டிய திட்டு! மதியம் தாண்டி தஞ்சோங் பூங்கா போய்ச் சேர்ந்தபோது, சேலை நனைந்த ஓர் அம்மா சாலை ஓரத்தில் முறுக்கு டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு காலில் மட்டும் செருப்பு. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்குக்காரர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

இதையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். “நிஜ அலை நின்னுச்சா தாத்தா?” என்றான். அலை நிற்கவில்லை, சுப்ரா தாத்தாவின் கார்தான் நின்றது என்றேன். அந்த நீலக் காரை யாருக்கு விற்றாய் என்று கேட்கச் சொல்கிறான். எழுது.

அன்புடன்,
மணியம்