புகார் கடிதம்: திரையில் நிற்கும் 2 கறுப்புப் புள்ளிகள்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 11 அங்குல டேப்லெட்டின் திரைக்குறை, அதைப் பார்த்துவிட்டு "பிழை இல்லை" என்று எழுதித் திருப்பித் தந்தது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் 11 அங்குல டேப்லெட்டை வாங்கி இன்றோடு 41 நாள் ஆகிறது. ரசீதையும் சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். கடைசியாகப் பேசிய உங்கள் ஊழியர், "வேண்டுமானால் மாற்றித் தருகிறோம், இல்லாவிட்டால் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள், 7 நாளில் முடிவைச் சொல்லுங்கள்" என்றார். அதற்கான பதில்தான் இது. ஒரு வரியில் சொல்லிவிட முடியாததால் கடிதமாக எழுதுகிறேன்.

நான் தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பவன். இந்த டேப்லெட்டை வாங்கியதே அதற்காகத்தான். பக்கங்களைத் திரையில் விரித்து, பேனாவால் திருத்தங்களைக் குறித்து, அப்படியே பதிப்பகத்துக்கு அனுப்பிவிடலாம். வாங்கிய 3-ஆம் நாள் ஒரு கட்டுரைத் தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரி ஒழுங்கைச் சரிபார்க்க எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி வைத்திருந்தேன். "பல பதிப்புகள்" என்று இருக்கவேண்டிய இடத்தில் "பல் பதிப்புகள்" என்று இருந்தது. புள்ளியை நீக்கவும் என்று குறித்து அனுப்பினேன். மறுநாள் பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது: "இந்த இடத்தில் புள்ளியே இல்லையே?"

மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். இல்லை. டேப்லெட்டில் அதே கோப்பைத் திறந்தேன். லகரத்தின் தலையில் புள்ளி இருந்தது. விரலால் பக்கத்தை மெல்ல மேலே தள்ளினேன். வரி நகர்ந்தது, எழுத்து நகர்ந்தது, புள்ளி மட்டும் அங்கேயே நின்றது. கீழேயிருந்து வந்த அடுத்த வரியில் ஒரு னகரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

உங்கள் பொறியாளர்களுக்கு இது 2 பிக்சல்தான், திரையில் படத்தை உண்டாக்கும் மிகச் சிறிய கட்டங்களில் இரண்டு. தமிழில் ஒரு புள்ளி எழுத்தையே மாற்றிவிடும். பல என்பது பல் ஆகும், மண என்பது மண் ஆகும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அந்தக் காலத்தில் புள்ளி இல்லாமலே எழுதினார்கள், படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொண்டார். அச்சில் அந்த ஊகத்துக்கு வேலையில்லை. இருக்கவேண்டிய புள்ளி இருக்கிறதா, இருக்கக்கூடாத இடத்தில் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். நான் பார்க்கும் கண்ணாடியிலேயே ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வது?

குறை இது ஒன்றுதான் என்றும் சொல்லமாட்டேன். மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். நான் எல்லாவற்றுக்கும் குறை சொல்லும் ஆள் இல்லை என்பது அதிலிருந்து உங்களுக்குப் புரியும். இருட்டறையில் முழுக் கறுப்புப் படத்தைத் திரையில் வைத்தால், இடது கீழ் மூலையில் வெளிச்சம் கசிகிறது. எல்சிடி திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கின் ஒளி சட்டத்தின் ஓரமாக வெளியே வருகிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தாலும் அது அங்கேயேதான் இருக்கிறது. பார்க்கும் கோணத்தைப் பொறுத்து மாறும் சாதாரண மினுக்கமாக இருந்தால் இப்படி நிற்காது. இதைப் போனில் படம் எடுத்தால் தீப்பந்தம் போலத் தெரியும், கேமரா இருட்டில் வெளிச்சத்தை அதிகமாக வாங்கிக்கொள்வதால். கண்ணுக்கு அவ்வளவு இல்லை. நான் இருட்டில் வேலை செய்வதில்லை, வெள்ளைப் பக்கத்தில்தான் நாள் முழுக்க இருக்கிறேன். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது, வலது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை நிறம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. முதல் வாரம் கண்ணை உறுத்தியது. இப்போது தேடினால்தான் தெரிகிறது. அதற்கும் பழகிவிட்டேன். அந்த இரண்டுக்காகவும் நான் உங்களிடம் எதையும் கேட்கவில்லை.

அப்புறம், புள்ளியைப் பற்றி உங்களிடம் சொன்ன பிறகு நடந்தது. 4-ஆம் நாளே உங்கள் அரட்டைச் சேவையில் எழுதினேன். முதலில் வந்தவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னார். ஸ்கிரீன்ஷாட் என்பது கருவி தன் நினைவகத்தில் இருக்கும் படத்தைப் பிரதி எடுப்பது. கண்ணாடிக்கு அடியில் அணைந்துபோன புள்ளி அதில் விழவே விழாது. எடுத்துப் பார்த்தேன், விழவில்லை. குறை மென்பொருளில் இல்லை, திரையில்தான் என்பதற்கு அதுவே சாட்சி. அதை அவரிடம் சொன்னதற்கு, "படத்தில் குறை தெரியவில்லையே சார்" என்று பதில் வந்தது.

இரண்டாமவர் அடுத்த வாரம் ஒரு அப்டேட் வருகிறது, காத்திருங்கள் என்றார். காத்திருந்தேன். மூன்றாமவர், நிறங்கள் வேகமாக மாறி மாறி மின்னும் ஒரு வீடியோவை இரவு முழுக்க ஓடவிடச் சொன்னார். இதைச் சொல்லும் முன் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: அந்தப் புள்ளி நிறமாக இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா? ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டுகள். அதில் ஏதாவது ஒன்று எரிந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் நிறப்புள்ளி தெரியும். அப்படி மாட்டிக்கொண்டது சில சமயம் அந்த மின்னலில் விடுபடும். என்னுடையது அந்த வகை இல்லை. அச்சு வேலைக்கு வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் மூன்று நிறக் கோடுகளும் வரிசையாகப் பளிச்சென்று தெரிய, நடுவில் ஒன்றையொன்று ஒட்டியபடி 2 கறுப்புக் கட்டங்கள். திரை முழுக்கச் சிவப்பு வைத்தேன், பச்சை வைத்தேன், நீலம் வைத்தேன். மூன்றிலும் கறுப்புத்தான். அந்த இடத்துக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் டிரான்சிஸ்டர் வேலை செய்யாமல் போனால் அப்டேட்டும் அதைத் திரும்பக் கொண்டுவராது, வீடியோவும் கொண்டுவராது. இருந்தும் நீங்கள் சொன்னதற்காக 2 இரவு ஓடவிட்டேன்.

இதெல்லாம் முடிந்து 16-ஆம் நாள் திரும்ப எழுதியபோது, திருப்பித் தருவதற்கான 14 நாள் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த 14 நாளில் 10 நாளைக் காத்திருக்கச் சொல்லிக் கழித்தது நீங்கள்தான். அரட்டைப் பதிவு உங்களிடமே இருக்கும், தேதியைப் பாருங்கள். எனக்கு மிகவும் கோபம் வந்தது இங்கேதான்.

22-ஆம் நாள் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். 5 நாள் வைத்திருந்தார்கள். ஜாப் ஷீட்டில் "தர வரம்புக்குள் உள்ளது, பிழை இல்லை" என்று எழுதித் தந்தார்கள். என்ன வரம்பு என்று கேட்டேன். அது நிறுவனத்தின் உள்விவரம் என்றார்கள்.

சரி, வெளியே தெரிந்த வரம்பை வைத்தாவது பார்ப்போம் என்று பார்த்தேன். 2001-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற பன்னாட்டுத் தரநிலை தட்டைத் திரைகளை வகுப்புகளாகப் பிரித்திருந்தது. 2008-இல் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசை அதன் இடத்துக்கு வந்தது. பழைய தரநிலையின் இரண்டாம் வகுப்பில், 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் அணைந்திருப்பது 2, துணைப்பிக்சல் (பிக்சலுக்குள் இருக்கும் நிறத் துண்டு) குறை 5 வரை இருக்கலாம். என் டேப்லெட்டில் 2560-க்கு 1600, அதாவது 40 லட்சத்து 96 ஆயிரம் பிக்சல். அந்தக் கணக்கில் 8 கறுப்புப் புள்ளிகூட இருக்கலாம். எனக்கு இருப்பது 2. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே தரநிலையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 5-க்கு 5 பிக்சல் கட்டத்துக்குள் இரண்டோ அதற்கு மேலோ குறை வந்தால் அது கொத்து. முழு பிக்சல்கள் இப்படிக் கொத்தாக அணைந்திருப்பதற்கு இரண்டாம் வகுப்பில் அனுமதி பூஜ்யம். அதற்குக் காரணமும் உண்டு. தூரத்தில் தனித்தனியாக இருக்கும் இரண்டைக் கண் கடந்துபோகும், ஒட்டி இருக்கும் இரண்டை ஒரே பொருளாகப் பார்க்கும். நான் அதைப் புள்ளி என்று வாசித்தது அப்படித்தான். ஒரு பிக்சல் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு, தனியாக இருந்திருந்தால் தூசி என்று நினைத்திருப்பேன். இரண்டு சேர்ந்ததும், பக்கத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது எழுத்தின் புள்ளி இருக்கும் அளவுக்கே வந்து நிற்கிறது.

அந்தத் தரநிலையைப் பின்பற்றவேண்டும் என்று உங்களுக்குக் கட்டாயம் இல்லை, அது எனக்குத் தெரியும். நீங்கள் வேறு வரம்பு வைத்திருக்கலாம், அதில் 2 ஒட்டிய புள்ளிகளுக்கு இடமும் இருக்கலாம். அப்படியானால் அதைப் பெட்டியின் மேல் வேண்டாம், இணையதளத்தில் ஒரு மூலையிலாவது எழுதிவையுங்கள். வாங்கும் முன்பே படித்திருப்பேன். எத்தனைக்கு மேல் போனால் குறை என்பதைச் சொல்லாமல், குறை இல்லை என்று மட்டும் சொல்வது எப்படி நியாயம்?

"பழகிவிடும் சார்" என்று போனில் ஒருவர் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார், அவரை நான் குறை சொல்லவில்லை. நானும் பழகப் பார்த்தேன். புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும்: மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம். அந்த இடம் வரும்போதெல்லாம் பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை. 300 பக்கப் புத்தகத்துக்கு 300 தடவை. அதைவிடக் கஷ்டம், இப்போது நிஜமான பிழையைக் கண்டாலும் முதலில் திரையைத்தான் சந்தேகப்படுகிறேன். போன வாரம் ஒரு தேவையில்லாத புள்ளியை, திரையின் புள்ளி என்று நினைத்து விட்டுவிட்டேன். அது அச்சுக்குப் போகும் முன் வேறொருவர் பிடித்தார். மூலையில் கசியும் வெளிச்சத்துக்குப் பழகலாம். என் கண்ணை நானே நம்பாமல் இருப்பதற்கு எப்படிப் பழகுவது?

மாற்றித் தருவதாகச் சொன்னதைப் பற்றி. உடனே சரி என்று சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அது "நல்லெண்ண அடிப்படையில்" தருவது, புதுப்பிக்கப்பட்ட கருவியாக இருக்கலாம், வாங்கிய பிறகு பழையதைத் திரும்பக் கேட்க முடியாது என்று மூன்று நிபந்தனை சொன்னார்கள். வரும் கருவியில் வெளிச்சம் இதைவிட மோசமாகக் கசிந்தால்? 2 புள்ளிக்குப் பதில் 4 இருந்தால்? அப்போதும் "வரம்புக்குள் உள்ளது" என்பீர்கள். இந்தக் கருவியின் பேட்டரியும் பேனாவும் அருமையாக வேலை செய்கின்றன, எழுதும்போது கோடு பேனா முனையை ஒட்டியே வருகிறது. நன்றாக இருக்கும் கருவியைக் கொடுத்துவிட்டு, யாரோ திருப்பித் தந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க எனக்கு மனமில்லை. திரையை மட்டும் மாற்றலாம் என்றால் அதுவே எனக்குப் போதும். கண்ணாடியும் தொடுதளமும் திரையும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும், செலவு உண்டு என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். உத்தரவாதம் இருக்கும்போது அந்தச் செலவு என்னுடையது இல்லை.

அதனால் என் முடிவு இது: இந்த 2 புள்ளிகளோடு இந்தக் கருவியை வைத்துக்கொள்ள நான் சம்மதிக்கவில்லை. திரையை மாற்றித் தாருங்கள், அல்லது யாரும் பயன்படுத்தாத புதுக் கருவியைத் தாருங்கள். எதுவானாலும், உங்கள் மேசையிலேயே வெள்ளை, கறுப்பு, மூன்று நிறம் என்று 5 படத்தையும் வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். 10 நிமிட வேலை, லென்ஸை நானே கொண்டுவருகிறேன். நீங்கள் பின்பற்றும் வரம்பு என்ன, ஒட்டிய புள்ளிகளை அதில் எப்படி எண்ணுகிறீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். ஜாப் ஷீட்டில் இருக்கும் "பிழை இல்லை" என்பதையும் திருத்தவேண்டும். அடுத்த மாதம் பக்கத்திலேயே மூன்றாவது பிக்சலும் அணைந்தால், முதல் இரண்டும் வாங்கிய போதே இருந்தன என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் இல்லை. "2 பிக்சல்கள் அணைந்துள்ளன" என்று இருப்பதை இருப்பதாக எழுதிக் கொடுங்கள், போதும்.

நீங்கள் சொன்ன 7 நாளில் இது 3-ஆம் நாள். கருவியை எந்தத் தேதியில் எந்த நேரத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்று இந்தக் கடிதத்துக்குப் பதிலாக எழுதுங்கள். கையில் இருக்கும் புத்தகத்தை அதுவரை மடிக்கணினியில் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, ஜாப் ஷீட், அரட்டைப் பதிவுகள், லென்ஸ் வழியாக எடுத்த 4 படங்கள்