பிரித்தாலே போதும், ஆபத்து வந்துவிடும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்கிய ஜிப், ரார் கோப்புகளை (பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியவை) வெறுமனே பிரித்துப் பார்ப்பதால் கெடுதல் வராது, உள்ளே இருக்கும் நிரலைச் சொடுக்கினால்தான் வைரஸ் வரும் என்று கணினி தெரிந்தவர்களே சொல்லக் கேட்கிறேன். பல ஆண்டுகளாக டிடிபி கடை நடத்தி வரும் நான், அந்த நம்பிக்கை தவறு என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

எங்கள் தொழிலில் திருமண அழைப்பிதழின் பழைய கோப்பைத் திறக்க, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஏதாவது ஒன்று எப்போதும் தேவைப்படும். அப்படித் தேடி என் கடைப் பையன் இறக்கிய ரார் கோப்புக்குக் கடவுச்சொல் போடப்பட்டிருந்தது. அந்தச் சொல்லும் பக்கத்திலேயே எழுதியிருந்தது. பாதுகாப்பாக அனுப்பியிருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். உண்மையில், பூட்டிய கோப்புக்குள் வைரஸ் தடுப்பு மென்பொருளால் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்காகவே அந்தப் பூட்டு. உள்ளிருந்து வந்த வைரஸால், முகூர்த்த நாள் நெருங்கிய வாரத்தில் இரண்டு நாள் வேலை முழுவதும் போயிற்று.

2019இல் செக் பாயிண்ட் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இத்தகைய கோப்புகளைப் பிரிக்கும் மென்பொருளான வின்ராரில் கண்டறிந்து வெளியிட்ட பாதுகாப்பு ஓட்டை இன்னும் மோசமானது. ஏஸ் என்னும் பழைய வகைக் கோப்பைப் பிரிக்கும் நிரல்பகுதியில் ஏறத்தாழ 19 ஆண்டுகளாக இருந்துவந்த அந்தக் குறையால், நாம் காட்டிய ஃபோல்டரை விட்டுவிட்டு விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குள் தீநிரலை இறக்கிவிட முடிந்தது. அடுத்த முறை கணினியைப் போட்டதும் அது தானாகவே ஓடும். அந்தப் பகுதியின் மூலநிரல் தங்களிடம் இல்லாததால், ஏஸ் வசதியையே வின்ரார் நிறுவனத்தார் நீக்கிவிட்டனர். 2023இல் வெளிப்பட்ட மற்றொரு ஓட்டையோ, வின்ராரில் திறந்த ஜிப் கோப்புக்குள் தெரியும் படத்தைச் சொடுக்கினாலே மறைந்திருக்கும் நிரலை ஓடவைத்தது. பங்குச் சந்தை வணிகர்கள் பலர் அதற்கு இலக்கானார்கள். 2025இலும் ஸ்டார்ட்அப் ஃபோல்டர் வழியாகவே ஒரு தாக்குதல் நடந்து, ஜூலை இறுதியில் 7.13 பதிப்பில்தான் அது சரிசெய்யப்பட்டது.

திருத்தம் வந்தும் பயனில்லாமல் போவதற்குக் காரணம், வின்ரார் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாததே. கணினி வாங்கிய அன்று கடைக்காரர் போட்டுக்கொடுத்த பதிப்பே அந்தக் கணினி பழுதாகும்வரை ஓடுகிறது. 'சோதனைக் காலம் முடிந்தது' என்ற அறிவிப்பை மூடி மூடியே பழகிய நமக்கு, பதிப்பு எண்ணைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

தங்கள் இதழின் கணினிப் பக்கத்தில் இதை விளக்கி எழுத வேண்டுகிறேன். அதுவரை, வின்ரார் வைத்திருப்பவர்கள் அதன் ஹெல்ப் பட்டியலில் பதிப்பு எண்ணைப் பார்த்து, அது 7.13க்கு முந்தையதாக இருந்தால், அடுத்த கோப்பைப் பிரிப்பதற்கு முன் அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதியதை நிறுவிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
டிடிபி கடை நடத்தும் வாசகர்,
சிவகாசி.