எது கடைசிக் கொட்டேஷன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுதொழில்கள் எல்லாம் மென்பொருளுக்கு மாற வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கோவையில் பம்ப்செட் விற்கும் நாங்கள் மாறிவிட்டோம், ஆனால் தலைவலி தீர்ந்தபாடில்லை.

2022 ஜூலை 18 அன்று தண்ணீர் பம்புகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. கடைப் பையன் பழைய எக்செல் கொட்டேஷனில் (விலைப்புள்ளியில்) பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டான். வாடிக்கையாளர் தாளை நீட்டி "12 போட்டுத்தானே கொடுத்தீங்க" என்றார், வித்தியாசம் எங்கள் கைக்காசு. அப்புறம்தான் சி.ஆர்.எம்., அதாவது வாடிக்கையாளர் விவரம், கொட்டேஷன் எல்லாம் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள், வாங்கினோம்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, பொருள் பட்டியலில் விலையை ஏற்றினாலும் ஏற்கெனவே போட்ட கொட்டேஷனில் பழைய விலையேதான் நிற்கிறது, அதை நகலெடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால் பழைய விலையும் கூடவே போகிறது. தாமிரம் விலை ஏறும்போதெல்லாம் மோட்டார் விலையும் ஏறும் தொழிலில் இது சின்ன விஷயமா? ஒரே விவசாயிக்கு மூன்று கொட்டேஷன், நான்காவது விற்பனையாளரின் வாட்ஸ்அப்பில். கடைசியாகப் பேசிய விலை எது என்று மென்பொருளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது!

இப்போது 'இந்த விலை 15 நாள்தான்' என்று கெடு போடாமல் எந்தக் கொட்டேஷனும் வெளியே போவதில்லை. திருத்தினால் அதே கொட்டேஷன் எண்ணோடு 1, 2 என்று சேர்ப்போம், 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி என்றால் என் ஒப்புதல் வேண்டும். விற்பனையாளர்களுக்கு இதெல்லாம் எரிச்சல்தான். மென்பொருள் விற்க வருகிறவர்கள் வண்ண வண்ண வரைபடம் காட்டுவதை விட்டுவிட்டு, இதை முதல் நாளே உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தால் என்ன?

– பம்ப்செட் வியாபாரி, கோவை